ஏற்றத்தில் அணைந்துபோகும் மின்சார ஸ்கூட்டர்: கடைக்குக் கொடுக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இருக்கிறீர்கள். ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவைப்படாத மெதுவேக மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறீர்கள். 60 வோல்ட், ஐந்து லெட் ஆசிட் பேட்டரிகள், ஒவ்வொன்றின் கொள்ளளவும் 26 ஆம்பியர்-மணி. வாங்கி இரண்டரை ஆண்டு ஆகிறது. முன்பு ஒரு சார்ஜில் 45 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 18-ஐத் தாண்டுவதில்லை. மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது சட்டென்று அணைந்துவிடுகிறது. ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. சார்ஜர் இரண்டு மணி நேரத்திலேயே பச்சை விளக்குக்கு மாறிவிடுகிறது. மழை பெய்த நாள்களில் சில சமயம் வண்டி கிளம்புவதே இல்லை. கடையில் பார்த்துவிட்டு பேட்டரி, கன்ட்ரோலர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து விடும் மின்னணுப் பெட்டி), மோட்டார் மூன்றையும் மாற்ற வேண்டும் என்றார்களாம். "இதை வீட்டிலேயே பழுது பார்க்க முடியுமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். அந்த மூன்றில் எது உண்மையிலேயே போயிருக்கிறது, பணம் கொடுப்பதற்கு முன் அதை நானே உறுதிசெய்துகொள்ள முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. முடியும். அதற்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.

நான் மின்னியல் டிப்ளமோ படித்தவன். கோவையில் பல ஆண்டுகளாக மின்சார இருசக்கர வண்டிகளுக்கான பட்டறை நடத்துகிறேன். உங்களுடையதைப் போன்ற மெதுவேக வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. வண்டியைப் பார்க்காமல் எழுதுவதால் எதையும் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்தே ஒன்றை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்: ஐந்து பேட்டரிகளில் ஒன்றாவது படுத்துவிட்டது. கன்ட்ரோலரும் மோட்டாரும் கெட்டுவிட்டதற்கு உங்கள் விவரத்தில் ஓர் அறிகுறிகூட இல்லை. மழைநாள் கோளாறு இதோடு சேர்ந்ததல்ல, அது தனிப் பழுது என்பது என் ஊகம். இரண்டு பழுதுகள் ஒரே நேரத்தில் வரும்போது எல்லாவற்றையும் மாற்று என்று சொல்வது கடைக்காரருக்குச் சுலபமாகிவிடுகிறது.

பேட்டரி என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குச் சிறு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஐந்து 12 வோல்ட் பேட்டரிகளும் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. முழுச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும்போது ஒவ்வொன்றும் 12.8 வோல்ட் காட்டினால் மொத்தம் 64. கன்ட்ரோலருக்கு ஐந்து பேட்டரி இருக்கும் சங்கதியே தெரியாது. அது மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்க்கிறது. பேட்டரி அடியோடு காலியாகிச் சேதமடையக் கூடாது என்பதற்காக, 60 வோல்ட் வண்டியில் மொத்தம் 52.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்திவிடும்படி பொதுவாக அமைத்திருப்பார்கள். ஒரு பேட்டரிக்கு 10.5 என்ற கணக்கு அது. இப்போது மேம்பாலம் ஏறுகிறீர்கள். கன்ட்ரோலர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. நல்ல பேட்டரி நான்கும் 11.9-இல் நின்றால் 47.6 வோல்ட். ஐந்தாவது சுமை தாங்காமல் 4.5-க்குச் சரிந்தால் மொத்தம் 52.1. கன்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகச் செய்து வண்டியை நிறுத்திவிடுகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் சுமை போய்விடுகிறது, சரிந்த பேட்டரி மெல்ல மேலே ஏறுகிறது, இரண்டு நிமிடத்தில் வண்டி மறுபடி ஓடுகிறது. மழைநாள் கோளாறைத் தவிர, நீங்கள் எழுதியதில் எதுவும் இந்தக் கணக்கை விட்டு வெளியே போகவில்லை. இரண்டு மணி நேரத்தில் சார்ஜர் பச்சை காட்டுவதும் இதே கதைதான். பேட்டரி சீக்கிரம் நிறைகிறது என்றால் அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று பொருள்.

டிஸ்பிளேயில் தெரியும் சார்ஜ் கோடுகளை நம்ப வேண்டாம். இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் அது வெறும் வோல்ட்டேஜ் காட்டி. அதனால்தான் ஆக்சிலேட்டரைத் திருகினால் கோடு இறங்கி, விட்டால் ஏறுகிறது. ஒருவிதத்தில் அது உங்களுக்கு உதவவும் செய்யும்: அணைவதற்கு முந்தைய நொடியில் கோடுகள் மளமளவென்று இறங்கினால் பழுது பேட்டரிப் பக்கம் என்பதற்கு அது முதல் சாட்சி.

எங்கே எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே அறிகுறியை வேறு இரண்டு பழுதுகளும் காட்டும். ஒன்று, பேட்டரி டெர்மினலிலோ கனெக்டரிலோ லூசான இணைப்பு. சுமை ஏறும்போது அங்கேயே வோல்ட்டேஜ் விரயமாகிவிடும். இன்னொன்று, கன்ட்ரோலர் சூடாகித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது. சூட்டினால் நின்றதென்றால் இரண்டு நிமிடத்தில் ஆறாது, கோடுகளும் இறங்காது, கன்ட்ரோலரின் அலுமினியப் பெட்டியின் மேல் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். மூன்றில் எது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம்.

அளப்பதற்கு முன் சில எச்சரிக்கைகள். 60 வோல்ட் நேர் மின்சாரம் வீட்டு மின்சாரத்தைப் போல ஆளைத் தூக்கி எறியாது என்பதால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். பெரிய ஆபத்து அதிர்ச்சியில் இல்லை, தீப்பொறியில் இருக்கிறது. இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் அந்தப் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். இரும்பு பழுக்கக் காயும். மோதிரம், வளையல், கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். அடுத்தது மல்டிமீட்டர். சிவப்பு ஒயர் வோல்ட் துளையில் இருக்கிறதா, 10 ஆம்பியர் துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆம்பியர் துளையில் செருகியபடி பேட்டரியில் வைத்தால் அது நேரடி ஷார்ட். குமிழை நேர் மின்சாரம் 200 வோல்ட் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போட்டு முடித்த உடனே இந்த வேலையைத் தொடங்கவும் வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரக்கூடும். இரண்டு மணி நேரமாவது போகட்டும், காற்றோட்டமான இடமாக இருக்கட்டும்.

சீட்டுக்கு அடியிலோ ஃபுட்போர்டுக்கு அடியிலோ உள்ள, பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு, மூடியைக் கழற்றுங்கள். எதையும் தொடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்ற குழப்பம் பின்னால் வராது. பேட்டரிகளுக்கு 1 முதல் 5 வரை மார்க்கரால் எண் போடுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள். பக்கவாட்டில் எதுவாவது உப்பியிருக்கிறதா, டெர்மினலில் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ பூத்திருக்கிறதா, எந்த ஒயரின் உறையாவது உருகிப் பழுப்பேறியிருக்கிறதா? பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 12.8-ஐ ஒட்டி இருந்தால் நிறைந்த பேட்டரி. முழுச் சார்ஜுக்குப் பிறகும் ஒன்று 12-க்குக் கீழே இருந்தால் அது சந்தேகத்துக்குரியது. ஒன்று மட்டும் 10.5 அல்லது 10.7 காட்டினால், அதன் ஆறு செல்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்று அடித்துச் சொல்லலாம். அப்படிப்பட்ட பேட்டரியோடு சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். அது தன் பங்கு வோல்ட்டேஜை எடுத்துக்கொள்ளாததால் சார்ஜர் மற்ற நான்கின் மேலும் அளவுக்கு மீறி ஏற்றும்; அவையும் சூடேறி உப்பிவிடும்.

ஆனால் ஐந்தும் 12.7, 12.8 என்று அழகாகக் காட்டினால்? பெரும்பாலும் அப்படித்தான் காட்டும். கடையில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "பேட்டரி நன்றாக இருக்கிறது, கன்ட்ரோலர்தான்" என்று சொல்லும் தவறு இங்கேதான் பிறக்கிறது. சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட்டேஜ், அது சுமையைத் தாங்குமா என்பதைச் சொல்லவே சொல்லாது. சுமை கொடுத்து அளக்க வேண்டும். பட்டறையில் அதற்குக் கருவி இருக்கிறது; வீட்டில் காரின் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று போதும். எச்-4 என்று கேளுங்கள். 60 வாட், 55 வாட் என இரண்டு இழைகள் அதற்குள் இருக்கும். பின்னால் மூன்று கால்கள்; ஒன்று பொது, மற்ற இரண்டும் இழைக்கு ஒன்று. அந்த இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சேர்த்துவிட்டால் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். தடித்த ஒயரில் முதலைக் கிளிப் வைத்து இணைத்துக்கொள்ளுங்கள். பல்பைச் செங்கல்லின் மேல் வையுங்கள், எரியும்போது தொடாதீர்கள், நேராகப் பார்க்காதீர்கள்.

எம்.சி.பி. கீழே இருக்க, முதல் பேட்டரியின் இரு முனைகளில் கிளிப்பை மாட்டி, அதே முனைகளில் மீட்டரை வைத்துப் பத்து நிமிடம் கவனியுங்கள். நல்ல பேட்டரியில் எண் முதல் சில நொடிகளில் 12.4 அருகே இறங்கி, அங்கிருந்து மிக மெதுவாக நகரும். பத்தாவது நிமிடத்திலும் 12-ஐ விட்டு அதிகம் விலகாது. இரண்டரை வயதுப் பேட்டரி கொஞ்சம் குறைவாகக் காட்டினால் அது வயது, நோயல்ல. படுத்துப்போன பேட்டரியில் காட்சி வேறு. மாட்டியதும் 12.1 இருக்கும். இரண்டாவது நிமிடம் 11.6. பிறகு மீட்டரின் கடைசி இலக்கம் ஓயாமல் ஓடத் தொடங்கும்: 11.2, 10.9, 10.3. பல்பின் வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாக இறங்குவது கண்ணுக்கே தெரியும். 10.5-ஐத் தொட்டதும் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். ஒரு நிமிடத்தில் அதே பேட்டரி மறுபடி 12-க்கு மேல் ஏறி நிற்கும். உங்கள் வண்டி மேம்பாலத்தில் செய்வதை உங்கள் கையில் செய்துகாட்டிவிட்டது. ஐந்துக்கும் இதைச் செய்து, பத்தாவது நிமிட எண்ணை எழுதுங்கள். முடிந்த கையோடு வண்டியைச் சார்ஜில் போட்டுவிடுங்கள். காலியாக விட்டு வைப்பது லெட் ஆசிட்டுக்கு விஷம்.

அடுத்து இணைப்புகள். வண்டியை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, எம்.சி.பி.யைக் கீழே தள்ளி, ஒவ்வொரு டெர்மினல் அருகிலும் கனெக்டர் மேலும் விரலின் பின்பக்கத்தை மெல்ல வையுங்கள். எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே மின்சாரம் தடைபடுகிறது. 15 ஆம்பியர் ஓடும்போது ஒரு லூசான போல்ட்டில் ஒரு வோல்ட் விரயமானால் அங்கே 15 வாட் சூடு பிறக்கிறது. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை பேட்டரிப் பெட்டிக்குள் எரியவிட்டதற்குச் சமம். போல்ட்டைக் கழற்றி, ஒயர் நுனியில் உள்ள லக்கையும் டெர்மினலையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். ஈயம் மென்மையானது, முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும். உருகிய கனெக்டரைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றுங்கள். ஐந்து பேட்டரியும் பல்புச் சோதனையில் தேறி, இப்படி ஒரே ஒரு லூசான போல்ட் அகப்பட்டால் உங்களுக்குச் செலவே இல்லை. அப்படி வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மோட்டாரையும் கன்ட்ரோலரையும் பற்றி உங்கள் மனத்தில் இருக்கும் பயத்தையும் தீர்த்துவிடலாம். சமதரையில் வண்டி திணறாமல், சத்தமில்லாமல், உதறாமல் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார் போனால் கிளம்பும்போது வண்டி உதறும், கரகரவென்று ஒலிக்கும், அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் ஓடும். கன்ட்ரோலரின் உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் எரிந்தால் வண்டி ஓடவே ஓடாது. தள்ளினால்கூட பிரேக் பிடித்ததுபோல் கனக்கும். இதை நீங்களே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எம்.சி.பி.யை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ரிமோட் அலாரம் உள்ள வண்டி என்றால் முதலில் அதை விடுவித்துவிடுங்கள். திருட்டுப் பூட்டு சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும், அதைப் பழுதென்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே காந்தம் இருப்பதால் சின்னச் சின்னத் துடிப்பு தெரிவது இயல்பு. மற்றபடி சக்கரம் சுற்ற வேண்டும். கனமாக இருந்தால் மோட்டாரிலிருந்து வரும் மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடித்த ஒயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து பிரித்துவிட்டுச் சுற்றுங்கள். இப்போது லேசாகிவிட்டால் குற்றம் கன்ட்ரோலரில். பிரித்த பிறகும் கனத்தால், பிரேக் உரசவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டு, மோட்டாருக்குள்ளோ அச்சின் அருகே நசுங்கிய ஒயரிலோ ஷார்ட் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையை உங்கள் கண்முன் செய்துகாட்டாமல் மோட்டாரை மாற்று என்று ஒருவர் சொன்னால், செய்துகாட்டுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி மழைநாள் பிரச்சினை. வண்டி கிளம்பாத அந்த நேரத்தில் பின்னால் போய் பிரேக் விளக்கைப் பாருங்கள். பிரேக்கைத் தொடாமலேயே அது எரிந்துகொண்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பிரேக் பிடித்ததும் மோட்டாருக்கு மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பிரேக் லீவரிலும் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் நீர் இறங்கினாலோ, உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டாலோ, நீங்கள் எப்போதும் பிரேக் பிடித்திருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். லீவரைப் பத்து முறை பிடித்து விடுங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். நிரந்தரத் தீர்வு அந்தச் சுவிட்சை மாற்றுவது, அது மிகக் குறைந்த செலவு. சைடு ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டியில் அதுவும் இதேபோல் ஏமாற்றும். இரண்டும் இல்லையென்றால் ஆக்சிலேட்டர். அதன் கனெக்டரில் மூன்று ஒயர்கள் வரும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். கறுப்புக்கும் மூன்றாவது ஒயருக்கும் இடையே, திருகாதபோது 0.8 வோல்ட்டும் முழுக்கத் திருகினால் 3.5 முதல் 4 வோல்ட்டும் அருகே வர வேண்டும். இதை அளக்கும்போது எம்.சி.பி. மேலே இருக்கும், சக்கரம் சுற்றக்கூடும். எனவே சென்டர் ஸ்டாண்டு கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூன்றாவது ஒயரில் எண் தடுமாறிக் குதித்தால் ஆக்சிலேட்டரை மாற்றுங்கள். வண்டி ஓடுகிறது, ஆனால் ஹாரனும் விளக்கும் மட்டும் இல்லை என்று என்றைக்காவது வந்தால், 60 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டரையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள். பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேட்டரிதான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, கெட்ட ஒன்றை மட்டும் மாற்றலாமா என்பது. உங்கள் வண்டியின் வயதுக்கு வேண்டாம் என்பேன். மற்ற நான்கும் அதே வயது, அதே உழைப்பு. புதியதை அவற்றோடு கோர்த்தால் சில மாதங்களில் அடுத்தது சரியும், பிறகு அதற்கு அடுத்தது. ஐந்தையும் ஒரே நிறுவனம், ஒரே கொள்ளளவு, முடிந்தால் ஒரே உற்பத்தி மாதமாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிச் சில மாதங்களே ஆன செட்டில் ஒன்று போயிருந்தால் மட்டும் வாரண்டியில் அந்த ஒன்றைக் கேட்டு வாங்குவது சரி. நாள்தோறும் ஓடும் மெதுவேக வண்டியில் லெட் ஆசிட் செட் இரண்டு, இரண்டரை ஆண்டு உழைத்தது மோசமல்ல. கடைக்காரர் பேட்டரி விஷயத்தில் சொன்னது அநேகமாகச் சரிதான். மற்ற இரண்டுக்குத்தான் ஆதாரம் வேண்டும். பழைய பேட்டரிகளை இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள். ஈயத்துக்கு நல்ல மதிப்பு உண்டு, புதியது வாங்கும் இடத்திலேயே விலையில் கழித்துக்கொள்வார்கள். பழைய பேட்டரி மறுசுழற்சிக்குப் போய்ச் சேர்வதைத் தயாரிப்பாளர்களின் பொறுப்பாக 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் ஆக்கியிருக்கின்றன.

லித்தியத்துக்கு மாறலாமா என்று யாராவது உங்களைத் தூண்டுவார்கள். மாறலாம், எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும், ஆயுளும் கூடும். உங்கள் 60 வோல்ட் வண்டிக்கு இருபது செல் கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக் பொருந்தும். அது முழுச் சார்ஜில் 73 வோல்ட், உங்கள் பழைய செட்டும் சார்ஜ் ஆகும்போது ஏறக்குறைய அதே அளவைத் தொடும் என்பதால் கன்ட்ரோலர் தாங்கும். ஆனால் சார்ஜரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். லெட் ஆசிட் சார்ஜரை லித்தியத்தில் செருகுவது, "பிளக் பொருந்துகிறதே" என்று பலர் செய்யும் மிக ஆபத்தான காரியம். பேக்கின் உள்ளே இருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். என்ற சுற்று எத்தனை ஆம்பியருக்கானது, அது உங்கள் கன்ட்ரோலர் இழுக்கும் அளவைவிடக் கூடுதலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயரில்லாத, சீல் இல்லாத, பழைய செல்களைக் கோர்த்துச் செய்த பேக் எவ்வளவு மலிவாக வந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பதிவு தேவைப்படும் வேக வண்டிகளின் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தர விதிகளை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் அரசு கடுமையாக்கியது. உங்கள் வண்டி அந்த வகை இல்லையென்றாலும், அந்தத் தரத்தில் சோதிக்கப்பட்ட பேக்கையே கேளுங்கள்.

சார்ஜ் போடும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். மாடிப்படிக்கு அடியில், வாசல் கதவை ஒட்டிய நடையில், எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் போடுவது நம் ஊர்களில் பரவலான பழக்கம். தீப்பிடித்தால் தப்பிக்க வேண்டிய ஒரே வழியில் வண்டி நிற்கிறது என்பதை நாம் நினைப்பதே இல்லை. விழித்திருக்கும் நேரத்தில், வெளியேறும் வழியை மறைக்காத இடத்தில், எர்த் உள்ள நல்ல சாக்கெட்டில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பிளக்கோ சாக்கெட்டோ சுட்டால் சாக்கெட்டை மாற்றும்வரை சார்ஜ் போடாதீர்கள். சார்ஜரை சீட்டின் மேலோ துணி மேலோ வைக்காமல் தரையில் வையுங்கள். வெயிலில் ஓட்டி வந்தவுடன் செருகாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். லெட் ஆசிட் என்றால் ஓடிய அன்றே சார்ஜ் போட்டுவிட வேண்டும், ஊருக்குப் போனால் முழுச் சார்ஜில் விட்டு, மாதம் ஒரு முறை ஏற்றச் சொல்ல வேண்டும். லித்தியம் என்றால் நீண்ட நாள் நிறுத்தும்போது பாதிக்குச் சற்று மேலே இருப்பதே நல்லது.

அன்றாடப் பராமரிப்பு பெரிய வேலையல்ல. வாரம் ஒரு முறை டயரில் காற்று பாருங்கள்; குறைந்த காற்றில் ஓடும் வண்டி கிலோமீட்டரைத் தின்றுவிடும். மாதம் ஒரு முறை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி இரண்டு சக்கரங்களையும் சுற்றி, பிரேக் உரசுகிறதா என்று கேளுங்கள். பின்சக்கர அச்சு நட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும்: மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் நட்டு தளர்ந்தால் அச்சு தன் குழியிலேயே திரும்பி, அதனுள் வரும் ஒயர்களை முறுக்கி அறுத்துவிடும். பஞ்சர் கடையில் பின்சக்கரத்தைக் கழற்றுவதானால் பக்கத்திலேயே நின்று, முதலில் மோட்டார் கனெக்டரைப் பிரிக்கச் சொல்லுங்கள். நல்ல பஞ்சர் கடைக்காரர்கூட ஒயரை இழுத்துவிடுவது நடக்கிறது. அச்சிலிருந்து வெளிவரும் ஒயர் சற்றுக் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் இறங்காது. வாட்டர் சர்வீஸில் அழுத்தமாக நீர் அடிக்கவே கூடாது. ஈரத் துணி போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கனெக்டர்களைப் பிரித்து, களிம்பு இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் வண்டிகள் மூழ்கியதைப் போல உங்கள் வண்டியும் என்றைக்காவது நீரில் மூழ்கினால், வெயிலில் காயவைத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வெள்ள நீர் உள்ளே போன லித்தியம் பேக் நாள்கள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும். அதை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று கன்ட்ரோலரில் ஒரு ஒயரைப் பிரித்துவிடும் கடைகளும் உண்டு. உங்கள் வண்டியில் யாராவது அப்படிச் செய்திருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். 250 வாட்டும் மணிக்கு 25 கிலோமீட்டரும் என்ற வரம்பைத் தாண்டினால் அது பதிவும் காப்பீடும் உரிமமும் தேவைப்படும் மோட்டார் வாகனமாகிவிடும். பேட்டரியும் அந்த அளவு இழுப்புக்குச் சீக்கிரம் சாகும். உங்கள் பேட்டரி இரண்டரை ஆண்டில் தளர்ந்ததற்கு, இருவரோடு மேம்பாலம் ஏறும் தினசரிச் சுமையும் ஒரு காரணமாக இருக்கலாம். இது உறுதியல்ல, ஊகம்தான். முழு ஆக்சிலேட்டரில் ஏறாமல், மேம்பாலத்துக்கு முன்பே கொஞ்சம் வேகம் எடுத்து, ஏற்றத்தில் நிதானமாகத் திருகிப் பாருங்கள்.

நான் சொன்ன எல்லாமே லெட் ஆசிட் பேட்டரி, சக்கரத்தில் மோட்டார், தனியாகக் கன்ட்ரோலர் உள்ள எளிய வண்டிகளுக்கு. செயலியோடு இணையும் வேக வண்டிகளில் பழுதைக் கணினியே பதிவுசெய்து வைத்திருக்கும். அவற்றில் டயர், பிரேக், சார்ஜ் பழக்கம் தவிர வீட்டில் செய்யக்கூடியது குறைவு. லித்தியம் பேக் எதுவானாலும் அதைத் திறக்க வேண்டாம். உப்பல், இனிப்பான அல்லது கார நெடி, ஓடாதபோதும் சூடு, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அதை அறைக்குள் வைத்திருக்காதீர்கள். புகை வந்தால் அணைக்க முயலாமல் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள். பல்புச் சோதனையின் ஐந்து எண்களையும், ஓட்டி வந்தபின் எந்த இணைப்பாவது சுட்டதா என்பதையும் எழுதுங்கள். பேட்டரி வாங்கப் போகும் முன் அவற்றைப் பார்த்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.